பூட்டு செய்தவரும் பூட்டத் தெரியாத நாங்களும்

போன செவ்வாய்க்கிழமை காலை நடையின்போது எதிர்வீட்டு நண்பர் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் மஞ்சள் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு.

"எண்ட் டு எண்ட் என்கிரிப்டட்னு போட்டிருக்கு சார். இதுக்குத் தனியா காசு ஏதும் பிடிப்பாங்களா?"

"பிடிக்க மாட்டாங்க" என்றேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அதே நினைப்பு. அந்த மஞ்சள் கட்டத்துக்குப் பின்னால் நாற்பது வருஷக் கதை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஓரிடத்தில் நானும் நிற்கிறேன், கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். 1967-ல் தபால் துறையில் சேர்ந்து, மோர்ஸ் கற்றுக்கொண்டு, கும்பகோணம் சுற்றுவட்டாரத்து ஆபீஸ்களில் தபாலும் தந்தியுமாகப் பல வருஷம் ஓட்டியவன். பதினைந்து பைசா கார்டு காலத்தில் ரகசியம் என்று ஒன்று ஊரில் கிடையாது. கார்டு வந்தால் சார்ட்டிங்கில் ஒருவர் படிப்பார், பையில் போடும்போது போஸ்ட்மேன் படிப்பார், வாசலில் வாங்கிக் கொடுக்கும் பக்கத்து வீட்டம்மாவும் படிப்பார். "மாமி, உங்க பொண்ணுக்கு ஆம்பளைக் குழந்தை" என்று போஸ்ட்மேன் தெருமுனையிலேயே சொல்லிவிட்டு அப்புறம் கார்டை நீட்டுவார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தரங்கம் வேண்டுமென்றால் கவர் வாங்கி ஒட்டி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

தந்தியில் கவர் கிடையாது. எழுதிக் கொடுப்பதை நான் படித்தாக வேண்டும், எண்ணிக் காசு வாங்க வேண்டும், கட்டுக்கட என்று அடித்து அனுப்ப வேண்டும், அந்தக் கோடியில் இன்னொருவர் எழுத வேண்டும். ஆகவே வியாபாரிகள் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் மண்டிக்காரர் ஒருவருக்குச் சென்னையிலிருந்து வாரம் இரண்டு தந்தி வரும். 'அங்கிள் ஃபைன்' என்றால் விலை நன்றாக இருக்கிறது, சரக்கை அனுப்பு. 'அங்கிள் சீரியஸ்' என்றால் அனுப்பாதே. நாங்கள் ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டோம், ஆனாலும் தெரியாத மாதிரி இருப்போம். ஒரு நாள் 'அங்கிள் எக்ஸ்பயர்டு' என்று வந்தது. மண்டிக்காரர் படித்துவிட்டு, "சரி, மார்க்கெட் படுத்துருச்சு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, சென்னையில் அவருடைய சொந்தச் சித்தப்பாவே காலமாகிவிட்டார் என்று.

இந்த ரகசிய பாஷையில் ஒரு சங்கடம் உண்டு. முன்கூட்டியே இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து, எதற்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மண்டிக்காரர் அதற்காக ரயில் ஏறிப் போனார். ராஜாக்களும் தூதரகங்களும் ராணுவங்களும் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்ததும் இதுதான். சங்கேதப் புத்தகத்தை யாராவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் அது பிடிபட்டால் கதை முடிந்தது. முன்பின் பார்த்திராத ஒருவருக்கு ரகசியம் எழுதவே முடியாது.

அந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் 1976-ல் இரண்டு அமெரிக்கர்கள், விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்று இருந்தால் என்ன என்று கேட்டார்கள். நான் இதை நம் திண்டுக்கல் பூட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். சாவியே போடாமல், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம் இருக்கிறதல்லவா? அதுபோல நூறு பூட்டு செய்து, திறந்த நிலையிலேயே ஊரில் எல்லாருக்கும் கொடுத்து வைக்கிறேன். சாவி ஒன்றே ஒன்று, அது என் இடுப்பில். எனக்கு ரகசியம் அனுப்ப நினைப்பவர் ஒரு பெட்டியில் போட்டு என் பூட்டை அமுக்கி அனுப்பலாம். அமுக்கியவரே மறுபடி திறக்க முடியாது. நானும் அவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே தேவையில்லை. திறந்த பூட்டுக்குப் பெயர் பொதுச் சாவி, என் இடுப்பில் இருப்பது தனிச் சாவி. பூட்டைப் போய் 'சாவி' என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், பிற்பாடு வந்த பாதி குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மறு வருஷம் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்று மூன்று பேர் இதைக் கணக்காகவே செய்து காட்டினார்கள். 61-ஐ 53-ஆல் பெருக்கச் சொன்னால் என் பேரன் உடனே 3,233 என்பான். ஆனால் 3,233 எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் பேப்பரும் பென்சிலும் தேடுவான். எண்ணை நூற்றுக்கணக்கான இலக்கமாக்கிவிட்டால் கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். 1977 ஆகஸ்டில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் இதை எழுதினார். கூடவே 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, உடைத்து உள்ளே இருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அதை உடைக்க 17 வருஷம் ஆயிற்று. 1994-ல் சுமார் 600 தொண்டர்கள் இணையம் வழியாகத் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து எட்டு மாதம் ஓட்டித்தான் முடிந்தது. உள்ளே இருந்தது ஏதோ ஒரு கழுகைப் பற்றிய அசட்டு வாக்கியம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஒற்றுக்கேட்கும் துறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ் என்பவருக்கு இதே யோசனை 1970 வாக்கிலேயே உதித்துவிட்டது. அவருடைய சகா கிளிஃபர்ட் காக்ஸ் 1973-ல் கணக்கையும் போட்டுவிட்டார். ஆனால் சர்க்கார் ரகசியம், வெளியே மூச்சு விடக் கூடாது. புகழெல்லாம் அமெரிக்கர்களுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். 1997 டிசம்பரில் ஒருவழியாக உண்மையை வெளியிட்டபோது எல்லிஸ் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது வலிக்கும்.

கணக்கு வந்துவிட்டது, ஆனால் அது பேராசிரியர்களிடமும் பெரிய கம்பெனிகளிடமும் இருந்தது. சாதாரண மனிதன் மேஜைக்குக் கொண்டுவந்தவர் ஃபில் ஜிம்மர்மன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து போல்டர் என்ற ஊர்க்காரர், மென்பொருள் எழுதுபவர், அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். 1991-ல் அந்நாட்டு செனட்டில் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் அப்போது செனட்டராக இருந்த ஜோ பைடன். தகவல் தொடர்புக் கம்பெனிகள், அரசாங்கம் சட்டப்படி கேட்டால் செய்தியைப் படிக்கும்படியான நிலையில் தர வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி பிற்பாடு நீக்கப்பட்டது என்பது வேறு விஷயம். சட்டமாகிவிட்டால் அதற்கப்புறம் யாரிடமும் பூட்டு இருக்காது என்று பயந்து, ஜிம்மர்மன் வேறு வேலைகளைப் போட்டுவிட்டு ராப்பகலாக உட்கார்ந்து மென்பொருளை முடித்தார். வீட்டுக் கடன் தவணை ஐந்து தவறிப்போயிற்று. 1991 ஜூன் மாதம் இலவசமாக வெளியிட்டார்.

நம் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கலாம். 1986-ல் தபால் சட்டத் திருத்த மசோதா, தபாலைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுப்பது, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமலே வைத்துக்கொண்டார். எங்கள் ஆபீசில் பல நாள் டீ நேரத்துப் பேச்சு அதுதான்.

ஜிம்மர்மன் தன் மென்பொருளுக்கு வைத்த பெயர் 'பிரிட்டி குட் பிரைவசி', சுருக்கமாக பி.ஜி.பி. தமிழில் சொன்னால் 'ஏதோ பரவாயில்லாத அந்தரங்கம்'. ஒரு வானொலி நிகழ்ச்சியில் வரும் கற்பனை மளிகைக் கடையின் பெயரை வைத்து விளையாட்டாக வைத்தது. முதல் பதிப்பில் அவர் சொந்தமாகச் செய்த மறையாக்க முறை உண்மையிலேயே பரவாயில்லை ரகம்கூட இல்லை. ஒரு மாநாட்டில் கணித அறிஞர் ஒருவர் சாப்பாட்டு வேளையிலேயே ஓட்டைகளைச் சுட்டிக்காட்டிவிட்டார். மனிதர் ரோஷப்படாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1992-ல் வந்த இரண்டாம் பதிப்பில் நிபுணர்கள் சோதித்த வேறொரு முறையை வைத்தார். தன் சரக்கில் குறை என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்ட அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஏன் இதை எழுதினேன் என்று ஜிம்மர்மன் விளக்கிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தபால் கார்டு. ஒளிக்க ஒன்றுமில்லை என்பவர் ஏன் எல்லாக் கடிதத்தையும் கார்டிலேயே எழுதுவதில்லை என்பது அவர் கேள்வி. எல்லாரும் கவரில் அனுப்பினால்தான், கவரில் அனுப்புபவன் மேல் சந்தேகம் வராது என்பது வாதம். முப்பத்தொன்பது வருஷம் கார்டும் கவரும் பார்த்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மின்னஞ்சல் என்பது கார்டுதான். போகிற வழியில் எத்தனை கம்ப்யூட்டரில் தங்கிப் போகிறதோ, அத்தனை இடத்திலும் படிக்கலாம்.

வெளியிட்ட கொஞ்ச நாளில் பி.ஜி.பி. நாடு தாண்டிவிட்டது. அங்கேதான் வினை வந்தது. அந்நாட்டுச் சட்டப்படி பலமான மறையாக்கம் ஆயுதப் பட்டியலில் இருந்தது, டாங்கியோடும் ஏவுகணையோடும் சேர்த்து. லைசென்ஸ் இல்லாமல் ஆயுத ஏற்றுமதி செய்தாரா என்று 1993-ல் ஜிம்மர்மன் மேல் குற்ற விசாரணை தொடங்கியது. மூன்று வருஷம் தலைக்கு மேல் கத்தி. இதற்கு அவர் தரப்பு கண்ட வழியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிரலை அப்படியே அச்சடித்து 1995-ல் எம்.ஐ.டி. பதிப்பகம் மூலம் புத்தகமாகப் போட்டார்கள். மென்பொருளை ஏற்றுமதி செய்யத்தான் தடை, புத்தகத்துக்குத் தடை இல்லையே! பேச்சுரிமை அதைக் காப்பாற்றும். 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் விசாரணையைக் கைவிட்டார்கள். அடுத்த வருஷம் புதிய பதிப்பையும் இதே பாணியில் 6,000 பக்கங்களுக்கு மேல் அச்சடித்து, சட்டப்படி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே நார்வே நாட்டுக்காரர் ஒருவர் முன்னின்று, தொண்டர்களைக் கூட்டி, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழை திருத்தி மறுபடி மென்பொருளாக்கினார்கள். ஒரு கமா மாறினாலும் ஓடாது. தந்திக்காரனாக இருந்த எனக்கு அந்த உழைப்பு புரிகிறது.

இந்த வீரக் கதையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 2001-ல் என் பெரிய மகன் புனேயில் வேலையில் இருந்தான். எங்கள் பூர்வீக வீட்டை விற்பதாக இருந்தோம். எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று நாங்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்ட தொகையை, ஒரு நாள் புரோக்கர் அட்சரம் பிசகாமல் சொன்னார். நான் பிரௌசிங் சென்டரில் மெயிலை மூடாமலே எழுந்து வந்திருந்தேன், வேறொன்றுமில்லை. மகனுக்குக் கோபம். வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, அதில் பி.ஜி.பி.யும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். "இனிமே விலை விஷயமெல்லாம் இதுல பூட்டி அனுப்புங்கப்பா."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பூட்டி, டயல்-அப்பில் அனுப்பினேன். ராத்திரி எஸ்.டி.டி.யில் கூப்பிட்டான். "அப்பா, திறக்க மாட்டேங்குது." மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவைதான் அவன் கண்டுபிடித்தான். அவனுடைய பூட்டைப் போடுவதற்குப் பதிலாக என்னுடைய பூட்டைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கடிதம் என்னுடையது, அதனால் என் சாவியால்தானே பூட்ட வேண்டும் என்று என் புத்தி சொல்லியது. திறக்கிற சாவி இங்கே என்னிடமே இருக்க, பெட்டி மட்டும் புனேக்குப் போய்ப் போய் நின்றிருக்கிறது.

"உங்களுக்கு வராதுப்பா, விடுங்க" என்றான் மகன். அவன் மனதில் ஒன்றுமில்லாமல் சொன்னதுதான். மோர்ஸில் நிமிஷத்துக்கு இருபது வார்த்தை எடுத்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பேசாமல் தொகையை ஒரு தாளில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது.

சில வருஷம் கழித்து அதே மகன்தான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். 1999-ல் அல்மா விட்டன், டக் டைகர் என்ற இருவர் எழுதியது. 'ஜானியால் ஏன் மறையாக்கம் செய்ய முடியவில்லை' என்கிற மாதிரி தலைப்பு. ஜானி என்றால் நம் ஊர் ராமு, சோமு. நன்றாகப் படித்த, மின்னஞ்சலில் பழகிய 12 பேரை உட்கார வைத்து, ஒரு தேர்தல் பிரசாரக் குழுவில் இருப்பதாகப் பாவித்துக்கொள்ளச் சொல்லி, ரகசியச் செய்தி ஒன்றை பி.ஜி.பி.யில் பூட்டிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிஷம் அவகாசம். சரியாக முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 12 பேரில் 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள், தவறிப்போய். பலர் செய்த பிழை என்ன தெரியுமா? பெறுபவரின் பூட்டைப் போடாமல் தன் பூட்டையே போட்டது.

அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். பிழை ஜானியிடம் இல்லை, இந்த மாதிரி மென்பொருளைப் பழக்குவதற்கென்று தனியாக யோசித்துச் செய்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருந்தார்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுத்ததே அவன் சொன்னதுதான்.

ஜானிகள் சின்ன ஆட்களும் இல்லை. 2012 டிசம்பரில் க்ளென் க்ரீன்வால்ட் என்ற பிரபல பத்திரிகையாளருக்கு முகம் தெரியாத ஒருவர் எழுதினார். உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது, முதலில் பி.ஜி.பி. போட்டுக்கொள்ளுங்கள் என்று. க்ரீன்வால்ட் போடவில்லை. படிப்படியாக எப்படிப் போடுவது என்று அந்த ஆள் வீடியோவே செய்து அனுப்பினார். அப்போதும் போடவில்லை. வழக்கறிஞராகவும் இருந்தவர், ஆனாலும் சலிப்பு. கடைசியில் அந்த ஆள், மறையாக்கம் தெரிந்த லாரா பாய்ட்ரஸ் என்ற ஆவணப்பட இயக்குநரிடம் போனார். அவர் வழியாகத்தான் க்ரீன்வால்ட் உள்ளே வந்தார். அந்த ஆள் எட்வர்ட் ஸ்னோடென். அமெரிக்க உளவுத் துறை உலகத்தின் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் எப்படி வாரிச் சேர்க்கிறது என்ற செய்தி 2013 ஜூன் மாதம் வெடித்தது. அதற்கு அடுத்த மாதம், ஜூலை 15 முதல், நம் நாட்டில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். இரண்டு செய்தியையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் படித்தேன்.

ஸ்னோடென் சொல்லிக் கொடுத்தது பி.ஜி.பி.யின் இலவச வடிவமான ஜி.பி.ஜி. ஜெர்மனிக்காரர் வெர்னர் கோக் 1997-ல் ஆரம்பித்து 1999-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. உலகம் முழுக்க அதை நம்பியிருக்க, அந்த மனிதர் பணமில்லாமல் தனி ஆளாக அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது 2015-ல் ஒரு கட்டுரை வந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. பிறகு நன்கொடை குவிந்தது. அதே 2015-ல் இன்னொரு வேடிக்கை. தன்னிடம் இருக்கும் சாதனங்களில் ஓடும்படி இல்லாததால் பி.ஜி.பி.யைத் தானே இப்போது பயன்படுத்துவதில்லை என்று ஜிம்மர்மன் ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். மகனிடம் உடனே அதை ஃபார்வர்டு செய்தேன்.

நம் அரசாங்கமும் அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது. பூட்டி அனுப்பும் செய்திகளின் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று. வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் படங்களையெல்லாம் 90 நாள் பத்திரப்படுத்த வேண்டுமா என்று ஊரே சிரித்தது. இரண்டொரு நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

2016 ஏப்ரலில்தான் அந்த மஞ்சள் கட்டம் வந்தது. சிக்னல் என்ற செயலிக்காக மாக்ஸி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் என்போர் வகுத்த முறையை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டு, எல்லாருடைய செய்திக்கும் பூட்டுப் போட்டது. எந்தப் பூட்டு, யார் சாவி என்று நம்மைக் கேட்கவே இல்லை. ஜானி செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் போனே செய்துகொண்டது. ஜிம்மர்மன் கனவு கண்டபடி எல்லாக் கார்டுக்கும் கவர் வந்துவிட்டது, உறவினர் குழுவில் வரும் கஷாயக் குறிப்பு உட்பட.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் செய்தி வேறு, கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு வேறு. கோப்பைப் பூட்டுவதில் இன்னும் எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு கணக்கு பாக்கி.

என்னோடு சிக்னலராக இருந்த நண்பர் ஒருவர். சொந்த அண்ணன் மாதிரி. 2010-ல் லேப்டாப் வாங்கினார். பென்ஷன், டெபாசிட் விவரங்களோடு தன் வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருவதாகச் சொன்னார். "யாரும் பாக்காம வெக்கணும்டா, வழி இருக்கா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்குள் நான் ஜி.பி.ஜி.யைப் பிடிவாதமாகக் கற்றுத் தேறியிருந்தேன். பொதுச் சாவி, தனிச் சாவி குழப்பமெல்லாம் இல்லாமல், ஒரே ஒரு ரகசியச் சொற்றொடரைக் கொடுத்துக் கோப்பைப் பூட்டும் வழியை அவருக்குக் காட்டினேன். அரை மணியில் கற்றுக்கொண்டார். புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: "சின்னச் சொல்லா வெக்காதீங்க, நாலஞ்சு வார்த்தை சேர்த்து வைங்க. எங்கேயும் எழுதி வெக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டகூட."

சொன்னதைச் சொன்னபடி செய்யும் மனிதர். 2018-ல் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அண்ணி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உங்க ஃப்ரெண்டு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு சொல்வாரு. திறந்து குடுங்க தம்பி."

இரண்டு கோப்பு. பிள்ளைகள் பெயர், கல்யாண நாள், வேலையில் சேர்ந்த ஆபீஸ், குலதெய்வம், மோர்ஸ் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பெயர், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு கேலி வார்த்தை, எல்லாம் போட்டுப் பார்த்தேன். பல ராத்திரி. ஒவ்வொரு தடவையும் திறக்க முடியவில்லை என்று ஒரே வரி. பேங்க்கில் பாஸ்வேர்டு மறந்தால் புதிதாகக் கொடுப்பார்கள், இங்கே கொடுக்க ஆளே கிடையாது. 1991-ல் ஜிம்மர்மன் எந்த அரசாங்கமும் திறக்கக் கூடாது என்று நினைத்துச் செய்தாரே, அது அண்ணிக்கும் திறக்கவில்லை. டெபாசிட் விவரங்களை வாரிசுச் சான்றிதழ் காட்டி ஆறேழு மாத அலைச்சலில் வாங்கிவிட்டார்கள். அவர் எழுதி வைத்தது மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. என்ன எழுதினார், எத்தனை பக்கம், ஒன்றும் தெரியாது.

அதனால் இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்தச் சொற்றொடரை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, உயில் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். நிபுணர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

நேற்று எதிர்வீட்டு நண்பர் மறுபடி வந்தார். அந்த மஞ்சள் கட்டத்தை விரலால் தொட்டுவிட்டாராம், அறுபது எண் வந்து நிற்கிறது, ஏதாவது கெட்டுப் போச்சா என்று பதற்றம். உட்கார வைத்து விளக்கினேன். பூட்டைப் போனே போட்டுவிடுகிறது, சரி. ஆனால் அது உங்கள் மகளுடைய பூட்டுதானா, நடுவில் யாராவது தன் பூட்டை மாட்டி வைத்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? பி.ஜி.பி. காலத்தில் இதற்காகவே ஓர் இடத்தில் கூடி, அடையாள அட்டையைக் காட்டி, ஒருவர் சாவிக்கு இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது இந்த அறுபது எண் இரண்டு போனிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

"சரிபாத்துடலாமா?" என்றேன்.

மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் மஸ்கட்டில் இருக்கிறாள், காலை நேரம், குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. "என்னப்பா இது, ஜோசியமா?" என்று சிரித்தாள். அவர் ஐந்து ஐந்து எண்ணாகப் படித்தார், அவள் திருப்பிச் சொன்னாள். தந்தியில் எண் வந்தால் நாங்கள் அப்படித்தான் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்போம். எட்டாவது கொத்தில் அவர் ஒரு எண்ணைத் தாண்டிவிட்டார். நான் கையைக் காட்டினேன்.

"இரும்மா, முதல்லேருந்து வரேன்" என்றார்.